பலகாரக் கூடத்துப் பாத்திரப் பிசுக்கு: ஒரு நிகழ்வு ஆய்வு

கூடமும் குறையும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், திங்கள்சந்தைக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே, சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஓட்டுக்கூரை போட்ட ஒரு பலகாரக் கூடம். நடத்துவது ஒரே வீட்டுப் பெண்கள் மூவர்: மாமியார், மருமகள், மருமகளின் தங்கை. ஏத்தங்காய் சிப்ஸ், முறுக்கு, அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து இவைதான் சரக்கு. ஓணம் நெருங்கினாலும் கிறிஸ்துமஸ் நெருங்கினாலும் அடுப்பு அணையாது. மற்ற நாட்களில் கருங்கல், குளச்சல் பக்கத்துக் கடைகளுக்குப் பொட்டலம் போகும். விடுமுறை முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போவதும் உண்டு.

பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். சுயஉதவிக் குழுப் பெண்களோடு பழக்கம் இருப்பதால் இப்படி யாராவது கூப்பிடுவார்கள். கூப்பிட்டபோது அவர்களுக்கு இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, பாத்திரங்களில் ஏறிய பிசுக்கு எதற்கும் அசையவில்லை. "டீச்சரே, தேய்ச்சுத் தேய்ச்சு நகம் போச்சு. இது சட்டி இல்ல, தார் ரோடாக்கும்" என்றார் மாமியார். இரண்டாவது இன்னும் அவசரமானது. முறுக்கில் காறல், அதாவது கெட்ட எண்ணெய் வாடை, அடிக்கிறது என்று ஒரு கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். பாத்திரம் அழுக்கு, அதனால் பலகாரம் காறுகிறது என்று இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். அந்த முடிச்சை அவிழ்த்த பிறகுதான் வேலை நகர்ந்தது. பிசுக்குக்கு ஒரு காரணம், காறலுக்கு வேறொரு காரணம்.

கூடத்தில் இருந்த பாத்திரங்கள் ஒரே இனமல்ல. பொரிக்க ஒரு பெரிய இரும்புச் சீனச்சட்டி. பாகு காய்ச்சவும், பலகாரம் குறைவான நாளில் பொரிக்கவும் வீட்டில் வழிவழியாக இருந்த ஓட்டு (வெண்கல) உருளி. திருவிதாங்கூரோடு இருந்த காலத்தின் மிச்சமாக இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒன்றாவது இருக்கும். எண்ணெய் வடியவிட இரண்டு அலுமினிய அண்டா. எவர்சில்வரில் ஜல்லிக்கரண்டி, வடிதட்டு, தூக்கு. இந்த உலோக வேறுபாடுதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது. அவர்களோ எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு, ஒரே பொடியைத் தூவி, ஒரே கம்பி நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பு செய்து பார்த்தவை

அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. கைப்பேசியில் பார்த்ததும் பக்கத்து வீட்டில் சொன்னதுமாக நிறையச் செய்திருக்கிறார்கள்.

எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்தார்கள், புளி தேய்த்தார்கள். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் ஓட்டுப் பாத்திரத்தின் களிம்பை எடுக்கும். எண்ணெய்ப் பிசுக்கை அது தொடாது. உருளி பளபளத்தது, சீனச்சட்டி அப்படியே இருந்தது.

வினிகரையும் ஆப்பச் சோடாவையும் கலந்து ஊற்றினார்கள். பொங்கி நுரைத்தது, பார்க்க வேலை நடக்கிற மாதிரி இருந்தது என்று தங்கைக்காரி சொன்னாள். பொங்குவது கரியமில வாயு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்த பிறகு மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். அது வெறும் தண்ணீருக்கு மேல் எதுவும் செய்யாது. இரண்டையும் தனித்தனியே பயன்படுத்தினால் ஆளுக்கொரு பயன் உண்டு. சேர்த்தால் நுரைதான். இந்த ஒரு யோசனை ஊர் முழுக்கப் பரவியிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவதை மறைக்க முடியாது.

மூன்றாவதாகச் செய்ததுதான் ஆபத்தானது. யாரோ வீட்டில் சோப்பு செய்ய வாங்கி மீந்த காஸ்டிக் சோடா ஒரு டப்பாவில் இருந்தது. அதைச் சுடுதண்ணீரில் கரைத்து, பிசுக்கேறிய அலுமினிய அண்டா ஒன்றில் ஊற்றி ஊறவைத்திருக்கிறார்கள். ஊற்றிய சற்று நேரத்தில் அது தானாகவே கொதிக்கத் தொடங்கியது. பாத்திரம் கைவைக்க முடியாத சூடு, மூக்கை அரிக்கும் ஆவி. மருமகள் அண்டாவைக் கயிற்றால் இழுத்து முற்றத்தில் கவிழ்த்துவிட்டார். மறுநாள் பார்த்தால் உட்புறம் கறுத்து, அடியில் ஊசித்துளைகள்.

நடந்தது இதுதான். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருந்து உலோகத்தைக் காக்கிறது. காரம் அந்தப் படலத்தைக் கரைத்துவிட்டு உலோகத்தையே தின்னத் தொடங்கும். தின்னும்போது வெளிவருவது ஹைட்ரஜன், தீப்பற்றும் வாயு. அண்டா இருந்த இடத்திலிருந்து விறகடுப்பு எட்டிப்பிடிக்கும் தூரத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது. அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல காலம். காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். தெறித்துவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் விடாமல் கால்மணி நேரத்துக்கு மேல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலுமிச்சையோ வினிகரோ ஊற்றி அதை முறிக்கப் பார்க்கக் கூடாது. பாத்திரம் கழுவும் வேலைக்கு அந்த டப்பா தேவையே இல்லை. முதல் நாளே அதைக் கூடத்திலிருந்து வெளியேற்றச் சொன்னேன்.

கழிப்பறை கழுவும் அமிலத்தை ஊற்றிப் பார்க்கலாமா என்ற பேச்சும் நடந்திருக்கிறது. நல்லவேளை, பேச்சோடு நின்றது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரும்பை அரிக்கும், எவர்சில்வரில் குழி போடும். அதே தொட்டியில் பிளீச்சிங் பவுடரும் இருந்திருந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சடைத்திருக்கும்.

பிசுக்கைப் பார்த்தது

தேய்ப்பதற்கு முன் பார்க்க வேண்டும். சீனச்சட்டியை வெளிச்சத்தில் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் ஒரே பிசுக்காகத் தெரிந்தது உண்மையில் மூன்று வேறு பொருள்கள்.

கைப்பிடியிலும் விளிம்பின் உள்பக்கத்திலும் இருந்தது சாதாரண எண்ணெய். விரலால் தொட்டால் வழுக்கும்; சுடுதண்ணீரும் பாத்திரச் சோப்பும் போதும். விளிம்புக்குக் கீழே வெளிச்சுவரைச் சுற்றி, தேன் நிறத்தில், நகத்தால் கீறினால் சுருண்டு வரும் ஒட்டல் ஒன்று. அதற்கும் கீழே, தீ நேராகப் படும் அடிப்பாகத்தில், கல்போல் இறுகிய கறுப்பு. அது கரி, விறகின் புகைக்கரியும் கருகிய எண்ணெயும் கலந்து அடுக்கடுக்காய் ஏறியது.

நடுவில் இருக்கும் அந்தத் தேன்நிற ஒட்டல்தான் இந்த நிகழ்வின் வில்லன். அது எண்ணெயாகத் தொடங்கியது, ஆனால் இப்போது எண்ணெய் இல்லை. பொரிக்கும்போது எண்ணெய் 180 டிகிரி சுற்றளவில் நிற்கும். எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்கும் வெற்று இரும்போ, விறகுத் தீயின் நாக்கு தொடுவதால் அதைவிடக் கூடுதலாகச் சூடேறும். தெறித்து வழியும் எண்ணெய் அங்கே மெல்லிய படலமாகப் பரவி, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகிவிடும். மரவேலைக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் காய்ந்து கெட்டிப்படுகிறதே, அதே வேலை. பாத்திரச் சோப்பு திரவ எண்ணெயைத் துளித்துளியாகச் சூழ்ந்து தண்ணீரில் மிதக்கவிடும். வலையாகிப் போனதை அதனால் பிய்த்தெடுக்க முடியாது. இத்தனை மாதம் சோப்பு தோற்றதற்குக் காரணம் சோப்பு மட்டம் என்பதல்ல.

அப்படியானால் முன்பு ஏன் இவ்வளவு இல்லை? இந்தக் கேள்வியை மருமகள்தான் கேட்டார். பதில் எண்ணெய்க் கணக்கில் இருந்தது. 2025-இல் தேங்காய் எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியபோது, முந்திரிக்கொத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெயை வைத்துக்கொண்டு முறுக்கையும் சிப்ஸையும் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாற்றியிருக்கிறார்கள். பிசுக்கு புகார் அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. "பாக்கெட் எண்ணெயில என்னமோ கலக்கானுவ" என்பது மாமியாரின் தீர்ப்பு. கலப்படம் இல்லாமலே இது நடக்கும்.

எண்ணெய் எவ்வளவு எளிதில் இப்படி வலையாகும் என்பதை அதன் அயோடின் எண்ணை வைத்து ஓரளவு சொல்லலாம். மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் எவ்வளவு என்பதற்கான அளவு அது. தேங்காய் எண்ணெய்க்கு இது 6 முதல் 11 வரைதான். அதன் கொழுப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்றது. கைகோக்கக் கையே இல்லாதது. பாமாயிலின் திரவப் பகுதிக்கு 56-க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. சூரியகாந்திக்கு 118 முதல் 141 வரை. தேங்காய் எண்ணெய் காலத்தில் அதே சட்டியில், அதே தீயில், தெறித்த எண்ணெய் பெரும்பாலும் எண்ணெயாகவே இருந்தது. சாம்பலும் கதம்பையும் (தேங்காய் மட்டை நார்) அதற்குப் போதுமாக இருந்தன. எண்ணெய் மாறியது, கழுவும் முறை மாறவில்லை.

தேங்காய் எண்ணெய்க்கும் ஒரு குணம் உண்டு, அது வேறு மாதிரி. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழி விடியலிலோ எடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழையிலோ பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வெள்ளை மெழுகாகப் பாத்திரத்தில் படியும். அதைப் பிசுக்கு என்று எண்ணிக் கம்பி நாரை எடுக்க வேண்டாம். வெந்நீர் ஊற்றினால் போதும்.

இரும்புச் சட்டி

வலையாகிப்போன எண்ணெயை உடைக்க வேண்டியது காரம், சூடு, நேரம் மூன்றும். காரம் அந்த வலையின் எஸ்டர் பிணைப்புகளை அறுத்து, ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும். மிச்சம் ஊதி நெகிழும். அதற்கு வாஷிங் சோடா (சோடியம் கார்பனேட்) போதும். ஆப்பச் சோடாவின் காரத்தன்மை மிகவும் குறைவு, பி.எச். எட்டேகாலுக்கு அருகில்தான். வாஷிங் சோடாக் கரைசல் 11-ஐத் தாண்டும். எண்ணிக்கையில் மூன்று கூடினால் காரத்தின் செறிவு ஆயிரம் மடங்கு கூடும் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த எனக்கு, ஒரு பிசுக்குச் சட்டி அதைக் காட்டிக்கொடுத்தது சந்தோஷம்தான். வாஷிங் சோடா கிடைக்காத ஊரில் ஆப்பச் சோடாவை இரும்பு அல்லது எவர்சில்வர் சட்டியில் போட்டு அடுப்பில் நன்றாக வறுத்தால் அது வாஷிங் சோடாவாகவே மாறிவிடும். எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

உட்புறம் எளிது. சட்டியிலேயே தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா போட்டு, அரைமணி நேரம் மெல்லக் கொதிக்கவிட்டோம். கொதிக்கும்போதே தேன்நிறத் தோல் ஓரத்தில் தூக்கிக்கொண்டது. ஆறுமுன் சிரட்டையின் விளிம்பால் வழித்தால் சுருள் சுருளாக வந்தது. சிரட்டை இரும்பைவிட மென்மையானது, இளகிய ஒட்டலைவிடக் கடினமானது. கம்பி நாரைவிட அதைத்தான் நான் சொல்வேன்.

வெளிப்புறம்தான் சிக்கல். இவ்வளவு பெரிய சட்டியை முழுக்க மூழ்கடித்துக் கொதிக்கவைக்க அதைவிடப் பெரிய இரும்பு அண்டா வேண்டும், அது இல்லை. பசைபோல் குழைத்துப் பூசினால் அரைமணியில் காய்ந்து உதிரும். காய்ந்த காரம் வேலை செய்யாது. அதனால் ஒத்தடம் போட்டோம். பழைய வேட்டியைக் கிழித்து, சூடான சோடாக் கரைசலில் நனைத்து, சட்டியைக் கவிழ்த்து வெளிச்சுவரைச் சுற்றி ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டி, வெயில் படும் முற்றத்தில் பகல் முழுக்க விட்டோம். மாலையில் துணியை எடுத்தபோது துணி பழுப்பாகியிருந்தது, ஒட்டல் மாவுப் பசைபோல் இளகியிருந்தது. கதம்பையாலேயே முக்கால்வாசி வழிந்துவிட்டது. மிச்சத்துக்கு இன்னொரு ஒத்தடம். இதற்கு ரப்பர் கையுறை கட்டாயம். வாஷிங் சோடா காஸ்டிக் அளவுக்குக் கொடியதல்ல, ஆனாலும் கையின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே எடுத்துவிடும். மாமியார் கையுறை போடாமல் வேலை செய்து, இரவு விரல் வெடித்து எரிகிறது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

கூடத்துக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, திரிந்து வெள்ளையாகப் படியும். அந்தப் படிவும் பழைய பிசுக்கின் மேல் ஓர் அடுக்காக ஏறியிருந்தது. வாஷிங் சோடா இதற்கும் உதவும்: தண்ணீரின் சுண்ணாம்பைப் பிரித்து அடியில் இறக்கிவிடும். சோடா போட்டுச் சற்றுப் பொறுத்துத் தெளிந்த தண்ணீரை எடுத்துச் சோப்பு போட்டால் பாதிச் சோப்பில் வேலை முடியும்.

இனி அடிப்பாகத்துக் கரி. இதில் எனக்கும் மாமியாருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. அவருக்கு வெளியடியும் வெள்ளையாக வேண்டும். எனக்கு அதைத் தொட வேண்டியதில்லை. கரி எந்தக் காரத்திலும் எந்தச் சோப்பிலும் கரையாது, அது கார்பன். செதுக்கியோ உராய்ந்தோதான் எடுக்க வேண்டும், அல்லது கொல்லன் உலையில் வைத்து எரித்துவிட வேண்டும். எரித்தால் சட்டியின் வாய் கோணலாகலாம், புகையும் தாங்க முடியாது. அடியில் இறுகிய மெல்லிய கரி பலகாரத்தில் கலக்காது, தீயின் வெப்பத்தை ஏற்பதிலும் கறுப்பு மோசமில்லை. பருத்து உதிர்கிற பொருக்கை மட்டும் சிரட்டையால் தட்டி எடுத்துவிட்டு மீதியை விட்டுவிடலாம் என்றேன். பொருக்கு பருமனாக இருந்தால் சூடு ஏறத் தாமதமாகும், அதுவரைதான் கவலை.

கழுவி முடித்ததும் இரும்பு பச்சையாக, சாம்பல் நிறமாக நின்றது. அந்த நிலையில் எடவப்பாதி ஈரத்தில் பத்து நிமிடம் விட்டாலே துரு பூக்கும். உடனே அடுப்பில் ஏற்றி உலர்த்திவிட்டு, எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும். எந்த எண்ணெய் என்று கேட்டார்கள். சூரியகாந்தி, அல்லது நல்லெண்ணெய் என்றேன். மூவரும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். இத்தனை பாடு படுத்தியது அந்த எண்ணெய்தானே!

அதனால்தான். இரும்புச் சட்டியின் உள்ளே தோசைக்கல்லில் இருப்பதுபோலப் படிய வேண்டிய கறுப்புத் தோலும் வலையாகிப்போன எண்ணெய்தான், வெளியே ஒட்டிக்கொண்டு கையைப் பிய்த்த தேன்நிற ஒட்டலும் அதுதான். மெல்லிசாக, துடைத்தெடுத்த பிறகு மிஞ்சுகிற அளவுக்கு மட்டும் தடவி, புகை அடங்கும்வரை சூடாக்கினால் அது இறுகித் தோலாகும். தடிமனாக வழியவிட்டு அரைச்சூட்டில் விட்டால் பிசினாகும். தேங்காய் எண்ணெய் தடவிப் பழக்கினால் தோல் எளிதில் பிடிக்காது. காய்ந்தாலும் வழுக்கலாகவே நிற்கும். மெல்லத் தடவி, துடைத்து, சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவி என்று சில முறை செய்ததில் சட்டி கரும்பழுப்பாகி, முறுக்கு ஒட்டாமல் மிதந்தது.

அலுமினியம், எவர்சில்வர்

அலுமினியத்துக்கு ஒத்தடமும் இல்லை, வாஷிங் சோடாவும் இல்லை. சூடான தண்ணீர், பாத்திரச் சோப்புத் திரவம், ஊறவிடும் நேரம், கதம்பை, அவ்வளவுதான். பிசுக்கு முழுக்கப் போகவில்லை. முன்னூறு தடவை தேய்த்து உலோகத்தை மெலிவிப்பதைவிட ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் இருந்துவிட்டுப் போகட்டும். துளைவிழாத அண்டாவின் கறுத்த உட்புறத்துக்கு மட்டும் புளித்தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தோம், கறுப்பு வெளுத்தது.

பாட்டி காலத்துச் சாம்பலையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விறகுச் சாம்பலில், அதிலும் கதம்பைச் சாம்பலில், பொட்டாசியம் கார்பனேட் நிறைய இருக்கிறது. வாஷிங் சோடாவின் ஒன்றுவிட்ட தம்பி. மண், ஓடு, இரும்பு இவை மட்டும் அடுக்களையில் இருந்த காலத்தில் அது பொருத்தமான மருந்து. அலுமினியம் பின்னால் வந்தது. அதற்கும் சாம்பல் போட்டுத் தேய்த்ததால்தான் நம் வீடுகளில் அலுமினியம் எப்போதும் மங்கலாகவே இருந்தது.

எவர்சில்வர் சாமான்களுக்குச் சொல்ல அதிகமில்லை. வாளியில் சூடான சோடாக் கரைசலில் இரவு போட்டு, காலையில் எடுத்தால் கையால் வழிந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் மட்டும் வேண்டாம். குளோரைடு அதில் புள்ளி புள்ளியாகக் குழி போடும்.

உருளியும் காறலும்

பாத்திரமெல்லாம் சுத்தமான பிறகும் முறுக்கில் காறல் நின்றது. குறைந்தது, ஆனால் நின்றது. மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் வெற்றி இருந்தது.

வேலை முடிந்து அவர்கள் சாமான்களை ஒதுங்க வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. பொரித்து மீந்த எண்ணெயை வடிகட்டி, மூடிபோட்டு, ஓட்டு உருளியில் ஊற்றி வைத்தார்கள். மறுநாள் அதில் புது எண்ணெயைச் சேர்த்துச் சீனச்சட்டிக்கு மாற்றுவார்கள். ஓட்டில் பெரும்பகுதி செம்பு. எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதைச் செம்பு மிகச் சிறிய அளவிலேயே தூண்டிவிடும். இரும்பும் தூண்டும், செம்பு அதைவிட வேகம். சுட்டு ஓய்ந்த, ஏற்கெனவே பாதி கெட்ட எண்ணெயை இரவெல்லாம் செம்புக் கலவையில் வைத்தால் காறல் வராமல் என்ன செய்யும்? அதோடு பழையதில் புதியதை ஊற்றுவது தயிருக்கு உறை ஊற்றுகிற கதைதான். பழைய எண்ணெயில் பிறந்த பெராக்சைடுகள் புதியதையும் விரைவில் கெடுக்கும்.

தேங்காய் எண்ணெய் காலத்தில் இதே உருளியில்தான் வைத்தார்கள், அப்போது காறவில்லை என்று சொன்னார்கள். காறியிருக்கும், கண்டுபிடிக்கும் அளவுக்கு இருந்திருக்காது. அதன் குறைந்த அயோடின் எண் அங்கேயும் காவல் காத்தது.

உருளிக்கு இனி பாகும் பாயசமும் மட்டும். மீந்த எண்ணெய் எவர்சில்வர் தூக்கில், கழுத்துவரை நிரப்பி, இருட்டில். உருளியில் அடிபிடித்த வெல்லப் பாகுக்குச் சோடாவும் வேண்டாம், தேய்ப்பும் வேண்டாம். வெந்நீர் ஊற்றி வைத்தால் கருகாத சர்க்கரை தானே கரையும். ஈயம் பூசிய பாத்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கடுங்காரம் ஈயத்தையும் கரைக்கும்.

எத்தனை தடவைதான் ஒரே எண்ணெயைச் சுடுவது என்ற கேள்விக்கு அரசு விதி ஒன்று இருக்கிறது. பொரித்த எண்ணெயில் மொத்த முனைவுச் சேர்மங்கள் (சுடச்சுட எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இந்த வரம்பு 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அளக்கக் கருவி உண்டு, சிறு கூடத்தில் அது இருக்காது. நுரை அடங்காமல் நின்றாலோ, எண்ணெய் தடித்து நூல் இழுத்தாலோ, முன்பு புகையாத சூட்டில் புகைந்தாலோ தள்ளிவிடலாம் என்று முடிவு செய்தோம். தள்ளிய எண்ணெயை உயிரி டீசலுக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அதே ஆணையம் 2018 ஆகஸ்டில் ரூகோ என்ற பெயரில் தொடங்கியது. கேனில் சேர்த்து வைத்தால் வாங்க ஆள் உண்டு. பேக்கரிக்காரர்களுக்கும் தட்டுக்கடைகளுக்கும் மலிவாகக் கைமாற்றுவது நம் பக்கத்தில் நடக்கிற ஒன்றுதான். அதைச் செய்யாதிருக்க வேண்டும்.

கழிவுத் தண்ணீர்

கழுவிய தண்ணீர் தென்னை மூட்டுக்குப் போகிறது, போய்க்கொண்டே இருந்ததில் மண் மெழுகி, தண்ணீர் இறங்காமல் தேங்கிக் கொசு. சோடாத் தண்ணீரை அப்படியே வேரில் கொட்டினால் மண் காரமேறி இறுகும். இரண்டு வாளியும் ஒரு வளைந்த குழாயும் வைத்து, எண்ணெய் மேலே தங்கி அடித்தண்ணீர் மட்டும் வெளியேறும் தடுப்பு ஒன்றை மருமகளே கட்டினார். கழுவும் முன்பே செய்தித்தாளால் பாத்திரத்தைத் துடைத்துவிட்டால் தடுப்புக்கும் வேலை குறைவு. அந்தத் தாள் மறுநாள் விறகு பற்றவைக்க உதவுகிறது.

இப்போது நடப்பது

அன்றாட வேலையில் மாறியது ஒரு சின்ன விஷயம்தான். பொரித்து முடிந்து எண்ணெயை இறுத்ததும், சட்டி கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே வெளிவிளிம்பைப் பழந்துணியால் ஒரு சுற்றுத் துடைத்துவிடுகிறார்கள். தெறித்த எண்ணெய் மறுநாள் தீயில் சுடப்படுமுன் போய்விடுகிறது. வாரத்துக்கு ஒரு முறை உட்புறத்துக்கு வெந்நீர் மட்டும். வாஷிங் சோடா ஒத்தடம் தேவைப்படுகிறபோது, ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பிறகு. விளிம்பில் மறுபடியும் மெல்லிய மஞ்சள் ஏறத்தான் செய்கிறது, சூரியகாந்தி எண்ணெய் இருக்கும்வரை ஏறும்.

சரக்கைத் திருப்பிய கடைக்காரர் மறுபடி எடுக்கத் தொடங்கிவிட்டார், பொட்டலத்தில் தேதி போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. துளைவிழுந்த அண்டா ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்கு, போயிற்று, அந்த இடத்துக்கு எவர்சில்வர் வந்தது. சட்டியின் வெளியடி மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. நான் இல்லாத நேரத்தில் மாமியார் அதைச் செங்கல்லால் உரசிப் பார்த்திருக்கிறார் என்று தங்கைக்காரி போட்டுக்கொடுத்தாள். "கொஞ்சம் தான் டீச்சரே, ஒரு ஓரத்துல ஆக்கும்" என்று மாமியார் சமாளித்தார்.

அடுத்து அவர்கள் கண் வைத்திருப்பது சுவரில் இருக்கும் புகைபோக்கி விசிறி. அதன் இறக்கைகளில் விரல்கனத்துக்குப் பிசுக்கு. கழற்றிச் சோடா வாளியில் போடலாம் என்று தங்கைக்காரி சொன்னதும், மருமகள் இறக்கையைத் தட்டிப் பார்த்து, காந்தத்தை வைத்துப் பார்த்து, எடையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அலுமினியம், இதுக்குச் சோப்பும் வெந்நீரும் மட்டும்" என்று கழற்றத் தொடங்கினார்.